தீவனத் தொட்டியும் நத்தார் மேடையும்: எங்கள் பங்கின் அருட்பணிச் சபைக்கு ஒரு திறந்த மடல்

பங்குத்தந்தை அவர்களுக்கும் அருட்பணிச் சபை உறுப்பினர்களுக்கும்,

கிறிஸ்து அரசர் பெருவிழாவன்று திருப்பலி முடிவில் வாசித்த நத்தார் (கிறிஸ்மஸ்) ஒழுங்குகளை எல்லாரையும் போல நாங்களும் கேட்டோம். அன்பியங்களுக்கிடையே, அதாவது பங்கின் அயல்வீட்டுக் குழுக்களுக்கிடையே, குடில் போட்டி, அதற்கு நுழைவுக் கட்டணம், முதல் மூன்று இடங்களுக்குப் பணப்பரிசு. மூன்று இரவு லான்ட்மாஸ்டரில் (இருசக்கர உழவு இயந்திரத்தில்) ஒலிபெருக்கி பூட்டிக் கரோல். 24 ஆம் திகதி இரவுத் திருப்பலி ஏழு மணிக்கு, முடிந்ததும் வெடி. 25 ஆம் திகதி விடியல் திருப்பலி நிறுத்தம். 26 மாலை கோவில் முன்றலில் மேடை போட்டு, இசைக்குழு பிடித்து, நாடகமும் பிள்ளைகளுக்குப் பரிசுமாக ஒளிவிழா. இவற்றில் ஒன்றிரண்டில் எங்களுக்குத் தடையில்லை. மிச்சத்தைத் தலையாட்டி ஏற்றுக்கொண்டு பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பில் வேறொன்றைச் சொல்லிக்கொடுக்க எங்களால் முடியாது. அதனால்தான் இந்த மடல்.

வகுப்பில் நாங்கள் சொல்லிக்கொடுப்பது இதுதான். லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் ஏழாம் வசனத்திலிருந்து பதினாறாம் வசனத்துக்குள் 'தீவனத் தொட்டி' மூன்று தடவை வருகிறது. மரியா பிள்ளையை அதில் கிடத்துகிறார். வானதூதர் இடையர்களுக்கு அதையே சொல்லி அனுப்புகிறார். இடையர்கள் போய் அதிலேயே காண்கிறார்கள். சொல்லைச் சிக்கனமாகப் பாவிக்கிற லூக்கா ஒரு மாட்டுத் தொட்டியை மூன்று தடவை எழுதுகிறார் என்றால் அது அலங்காரத்துக்கு இல்லை. 'இதுவே உங்களுக்கு அடையாளம்' என்று தூதர் சொல்வது நட்சத்திரத்தைக் காட்டி இல்லை, அந்தத் தொட்டியைக் காட்டி. நட்சத்திரம் மத்தேயுவில்தான் வருகிறது, அதுவும் ஞானிகளுக்கு.

'விடுதியில் இடம் கிடைக்கவில்லை' என்ற இடத்தில் மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல்லை லூக்கா இன்னோர் இடத்திலும் எழுதுகிறார். 22 ஆம் அதிகாரத்தில், கடைசி இராவுணவுக்காக இயேசு கேட்டனுப்புகிற அறைக்கும் அதே சொல்தான். காசு வாங்கும் சத்திரத்துக்கு, நல்ல சமாரியர் உவமையில், வேறு சொல் வைத்திருக்கிறார். பிறந்தபோது கிடைக்காத அறை, அவர் தம்மையே உணவாகக் கொடுத்த இரவில் கிடைக்கிறது. எபிரேயத்தில் பெத்லகேம் என்றால் அப்பத்தின் வீடு. அப்பத்தின் வீட்டில், தீனி வைக்கிற தொட்டியில், பிள்ளை. நத்தாரின் பொருளைப் பீடத்திலிருந்து பிரிக்க முடியாது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

இதே அதிகாரம் ஒரு பதிவோடு தொடங்குகிறது. ஆட்சி கட்டளையிட, சனம் ஊர்விட்டு ஊர் போய்ப் பேர் பதிகிறது. வன்னியில் இதை விளக்கத் தேவையில்லை. 2008 மார்கழியில் (டிசெம்பரில்) போருக்கு இடம்பெயர்ந்து தர்மபுரம், விசுவமடுப் பக்கம் தறப்பாளுக்குக் கீழே இருந்த சனமும், 2009 மார்கழியில் செட்டிகுளம் முகாம்களில் பதிவு அட்டையோடு இருந்த சனமும் இந்தக் கோவில் வாங்குகளில்தான் இன்றைக்கு இருக்கிறது. 'இடம் கிடைக்கவில்லை' என்று வாசிக்கும்போது அவர்களுக்குக் கேட்பது வேறு. அப்படிப்பட்ட ஒரு பங்கில் நத்தார் ஒழுங்கு போடும்போது முதலாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி, இதில் யாருக்கு இடம் இல்லாமற் போகிறது என்பதுதான். சபையின் அறிவித்தலை அந்தக் கேள்வியோடு திரும்ப வாசித்துப் பார்த்தோம்.

குடில் போட்டியை எடுத்துக்கொள்வோம். 1223 இல் இத்தாலியின் கிரேச்சியோவில் அசிசியின் பிரான்சிஸ் குடில் அமைத்தபோது சுரூப வரிசை இல்லை. தொட்டி, வைக்கோல், மாடு, கழுதை, தொட்டியின் மேல் திருப்பலி, அவ்வளவுதான். மாடும் கழுதையும்கூட லூக்காவில் கிடையாது. எசாயா முதலாம் அதிகாரத்திலிருந்து வந்தவை அவை. மாடு தன் உடைமையாளனை அறியும், கழுதை தன் எசமானின் தொட்டியை அறியும், என் மக்களுக்கு மட்டும் அறிவில்லை என்று ஆண்டவர் வழக்காடுகிற இடம். குடிலில் அந்த இரண்டு மிருகங்களும் நிற்பதே நமக்கு ஒரு குட்டுத்தான். 2019 மார்கழி 1 ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் அதே கிரேச்சியோவுக்குப் போய்க் குடிலைப் பற்றியே ஒரு மடலில் கையெழுத்திட்டார். குடில் என்பது வீட்டாரும் பிள்ளைகளும் சேர்ந்து நற்செய்தியைக் கையால் தொட்டுப் பார்க்கிற வேலை.

போட்டி என்று வந்தவுடன் அந்த வேலை மாறிப்போகிறது. போன வருடங்களின் புள்ளித்தாள் எங்கள் கையில் இருக்கிறது: அளவு, மின்விளக்கு, புதுமை, அசையும் உருவங்கள். மோட்டர் வைத்துத் தண்ணீர் ஓடவிட்ட குடில் வென்றது. ரெஜிபோமில் பனிமலை செய்த குடில் இரண்டாவது. குளக்கட்டுக்கு அப்பால் உள்ள அன்பியம், கிடுகும் களிமண்ணும் வைத்துச் செய்து, கடைசி. இந்த முறை நுழைவுக் கட்டணம் வேறு. அவர்கள் சேரப்போவதில்லை என்பது இப்போதே தெரிந்த விடயம்.

குடில் வேலை தெரிந்தவர்கள் என்ற முறையில் சில பிழைகளையும் சொல்லியாக வேண்டும். பஞ்சைப் பனியாகத் தூவுவதை நிறுத்துங்கள். பெத்லகேம் கதைக்குப் பனி தேவையில்லை, பழைய குண்டு மின்குமிழின் சூட்டுக்குப் பக்கத்தில் பஞ்சும் வைக்கோலும் தீக்குத்தான் காத்திருக்கின்றன. மூன்று வாட் எல்.ஈ.டி. மஞ்சள் விளக்கு ஒன்று போதும். முன்னுக்குத் தெரியாமல், தொட்டிக்குப் பின்னால், மேலிருந்து கீழே விழும்படி. மார்கழி மழையில் முற்றம் முழுக்க ஈரம். ரேப் சுற்றிய வயர்ப் பொருத்து நிலத்தில் கிடக்கவே கூடாது. ஏழடி உயரத்தில் கயிற்றில் கட்டிக் கொண்டுபோங்கள். கோவில் ட்ரிப் சுவிட்ச் (மின் கசிந்தால் தானே விழுந்து மின்சாரத்தை நிறுத்துவது) முப்பது மில்லி அம்பியரா என்று பார்த்து, சோதனைப் பொத்தானை ஒருக்கால் அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அதை மாற்றும்வரை வெளியே மின்சாரம் எடுக்க வேண்டாம்.

பச்சைக்குப் பிளாஸ்ரிக் புல் வாங்குகிறார்கள். காலபோகம் விதைத்து நிற்கிற ஊரில் இது வேண்டாத செலவு. ஒரு கிலோ நெல் மூன்று நாலு தட்டுக்குக் காணும். ஓர் இரவும் பகலும் ஊறவிட்டு, ஈரச் சாக்கில் முளை கட்டி, வெண்முனை வந்ததும் இரண்டு அங்குல மண் பரப்பிய தட்டில் நெருக்கமாகத் தூவுங்கள். மார்கழி பத்தாம் திகதி தொடங்கினால் 24 ஆம் திகதிக்கு நாலைந்து அங்குலம் வந்துவிடும். வெளிச்சம் இல்லாத விறாந்தையில் வைத்தால் மஞ்சளாக நீண்டு சாயும். தாழ்வாரத்தில், வெளிச்சம் படுகிற பக்கம், கோழிக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். மறைக்கல்விப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு சிரட்டையில் முளைக்க வைத்துக் கொண்டுவந்தால் குடிலின் நிலம் முழுக்க அவர்களுடையது. வைக்கோல் இந்தக் காலத்தில் சிறுபோகத்து மிச்சம்தான் கிடைக்கும். நனைந்ததைப் பரப்பினால் மூன்றாம் நாள் மணக்கத் தொடங்கும். வெயில் எறிக்கிற இரண்டு நாளில் காயவிட்டு எடுத்து வையுங்கள்.

தொட்டிதான் எல்லாவற்றிலும் முக்கியம். சற்றின் துணி விரித்த தொட்டில் வைக்கிறார்கள். அது தொட்டில் இல்லை, தொட்டி. இங்கே மாட்டுக்குத் தவிடும் பிண்ணாக்கும் கரைத்து வைக்கிற தொட்டி எதுவோ அதுதான். பழைய லொறி ரயரை வெட்டிப் புரட்டிய தொட்டி எத்தனை பட்டியில் கிடக்கிறது! அதைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தால் என்ன குறைந்துவிடும்? 24 இரவுவரை அது வெறுமையாகக் கிடக்கட்டும். இரவுத் திருப்பலியில்தான் பாலனைக் கொண்டுவந்து கிடத்த வேண்டும். ஞானிகள் மூவரையும் கோவிலின் மறுகோடியில், யன்னல் கட்டில் வைத்து, ஞானிகள் வந்து கண்டதை நினைக்கிற திருக்காட்சிப் பெருவிழாவரை கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். (மத்தேயு மூன்று பேர் என்று எங்கும் சொல்லவில்லை. காணிக்கைதான் மூன்று. பிள்ளைகள் இதைக் கேட்டு வியப்பார்கள்.)

நத்தாருக்கு முந்திய நாலு கிழமையான திருவருகைக் காலத்தை விழுங்கிவிட்டு நத்தார் கொண்டாடுவதும் இதே கோளாறுதான். முதலாம் ஞாயிறே கோவிலுக்குள் மின்மினி விளக்கு, பாலன் பிறந்தார் பாட்டு, முழு ட்ரம்ஸ். திருப்பலி நூலின் பொது விதிமுறைகள் 305 ஆம், 313 ஆம் எண்களில், திருவருகைக் காலத்தில் பூவும் இசைக்கருவியும் அளவோடு இருக்க வேண்டும், பிறப்பு விழாவின் முழு மகிழ்ச்சியை முந்திக்கொள்ளக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. வானதூதர் பாடிய 'உன்னதங்களிலே' கீதத்தை நாலு கிழமை பாடாமல் வைப்பதும் அதற்காகத்தான். காத்திருப்பது என்றால் என்ன என்று இந்த மண்ணுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்குத் திருச்சபை ஒதுக்கிய நாலு கிழமையையும் நாம் ஏன் பறிக்கிறோம்?

கரோல். பங்கில் நூற்றி இருபது வீடு. லான்ட்மாஸ்டர் திரும்பி நிற்க, ஒலிபெருக்கி சரிபார்க்க, நத்தார் பாப்பா ஆடி முடிக்க, தேத்தண்ணி குடிக்க என்று ஒரு வீட்டுக்கு இருபது நிமிடம் போகிறது. ஓர் இரவுக்கு நாலு மணித்தியாலம் என்றால் பன்னிரண்டு வீடு, மூன்று இரவுக்கு முப்பத்தாறு. மிச்சம் எண்பத்து நாலு வீட்டுக்கும் யார் போவது? உண்டியலில் கூடப் போடுகிற வீடுகளிலிருந்து பயணம் தொடங்குவதால் விடுபடுகிற வீடுகள் ஒவ்வொரு வருடமும் அதே வீடுகள். மதகுக்கு அங்கால் உள்ளவை, லான்ட்மாஸ்டர் இறங்காத ஒழுங்கைகள், ஆண் துணையில்லாமல் தாய்மார் குடும்பத்தை இழுக்கிற வீடுகள். இடையர்களிடம் முதலாவதாகப் போன செய்தி நம் ஊரில் கடைசியாகக்கூட அவர்களிடம் போவதில்லை.

இதற்கு வழி இருக்கிறது. 17 ஆம் திகதியிலிருந்து ஆறு இரவு, இரண்டு குழு, ஒரு குழுவில் எட்டுப் பேர், ஒரு கிற்றார் அல்லது ஒரு ஆர்மோனியம். நடந்து போக வேண்டும். ஒரு பாடல், ஒரு சிறு வாசகம், அந்த வீட்டாரின் பெயர் சொல்லி ஒரு மன்றாட்டு, இன்னொரு பாடல். நடையோடு சேர்த்துப் பன்னிரண்டு நிமிடம். ஆறரைக்குத் தொடங்கினால் எட்டரைக்குப் பத்து வீடு முடியும். இரண்டு குழுவும் ஆறு இரவும் சேர்த்தால் சரியாக நூற்றி இருபது. தொலைவான முனையிலிருந்து தொடங்கி, கோவிலடியில் முடியுங்கள். மழைக்கு ஓர் இரவு, 23 ஆம் திகதி, கையிருப்பு. உண்டியல் கொண்டுபோகவே கூடாது. கரோலை 25 இற்குப் பிறகு வைக்கச் சொல்லத்தான் எங்களுக்கு ஆசை, நத்தார் காலம் அன்றைக்குத்தானே தொடங்குகிறது. ஒரு வருடத்தில் அந்த வழக்கத்தை மாற்ற முடியாது என்பதும் தெரியும். அதனால் இந்த ஆறு இரவும் எதிர்பார்ப்பின் பாடல்களாவது இருக்கட்டும்.

ஒளிவிழாப் பரிசுகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பெற்றோர் தங்கள் பிள்ளைக்கு வாங்கிய பரிசில் பேர் எழுதி முதல்நாள் கொடுக்கிறார்கள். நத்தார் பாப்பா மேடையில் பேர் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் கொடுக்கிறார். ஒரு பிள்ளை தூக்க முடியாத பெட்டியோடு இறங்குகிறது. அடுத்த பிள்ளைக்கு மினுங்கல் கடதாசி சுற்றிய பிஸ்கற் பைக்கற். பேர் கொடுக்காத வீட்டுப் பிள்ளைக்கு, எல்லாம் முடிந்த பிறகு, 'பேர் விடுபட்டவர்கள் வாங்கோ' என்று ஒலிவாங்கியில் ஒரு கூப்பாடு. அந்தக் கூப்பாட்டுக்கு எழும்புகிற பிள்ளை மேடைவரை நடக்கிற தூரத்தைச் சபை உறுப்பினர்கள் ஒருமுறை கவனித்துப் பாருங்கள். அதே மேடையில் அரை மணித்தியாலத்துக்கு முன்னர்தான் மாட்டுத் தொழுவ நாடகம் நடந்திருக்கும். மீரா நகர் ஆயர் நிக்கொலாஸ் நாலாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அவர் பெயரால் வழங்கும் கதைகளில் அவர் இரவில், யாருக்கும் தெரியாமல், கொடுத்துவிட்டுப் போகிறார். சிவப்பு உடுப்பு போட்டவர் அவரிடமிருந்து வந்தவர் என்றால் அந்த ஒரு பழக்கத்தையாவது வைத்திருக்கட்டும்.

திருப்பலி நேரத்தில் எங்களுக்குத் தடையில்லை. நூலில் 'இரவுத் திருப்பலி' என்றுதான் இருக்கிறது, பன்னிரண்டு மணி என்று இல்லை. மழை, யானை, சாமத்தில் வீடு திரும்ப வாகனம் இல்லாத நிலை எல்லாம் உண்மை. ஏழு மணி நல்லது. விடியல் திருப்பலியை நிறுத்துவதுதான் பிழை. நத்தாருக்கு நாலு திருப்பலிகள், நாலுக்கும் வெவ்வேறு நற்செய்தி: திருவிழிப்புக்கு மத்தேயுவின் தலைமுறை அட்டவணை, இரவுக்குப் பிறப்பு, விடியலுக்கு இடையர்கள் ஓடிப்போய்க் காண்பது, பகலுக்கு யோவானின் 'வாக்கு மனிதர் ஆனார்'. விடியலை எடுத்துவிட்டால் இடையர்கள் தொட்டிக்கு வந்து சேரவே மாட்டார்கள். இரவில் வர இயலாத கிழவர் கிழவிகளும் பால் கறக்கிறவர்களும் வருகிற திருப்பலியும் அதுதான். இன்னொன்று: நத்தாரில் விசுவாச அறிக்கையில் 'மனிதர் ஆனார்' என்ற இடத்தில் எல்லாரும் முழந்தாளிட வேண்டும். முன்கூட்டி யாரும் சொல்லாததால் பாதிச் சனம் நிற்கிறது, பாதி இருக்கிறது, பீடப்பணியாளர் சுற்றிப் பார்க்கிறார்கள். நத்தாரின் முழுப் பொருளும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. முன்னுரை சொல்பவர் ஒரு வரி சொன்னால் போதும்.

வெடி. 'உன்னதங்களிலே' தொடங்கும்போது மணி அடிக்கிறோமே, அதற்குமேல் என்ன வேண்டும்? சத்தம் கேட்டால் இன்றைக்கும் நிலத்தில் குந்துகிறவர்கள் உள்ள ஊர் இது. 'அஞ்சாதீர்கள்' என்பதுதான் அன்றிரவு வானதூதரின் முதல் சொல். அதை வாசித்து அரை மணித்தியாலத்தில் முற்றத்தில் சரவெடி கொளுத்துவதை எப்படி விளங்கிக்கொள்வது?

கடைசியாக 26. புனித முடியப்பர் நாள், முதல் மறைசாட்சியின் நாள். 2004 இல் அது ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை முல்லைத்தீவுக் கரைக்குக் கடல்கோளாக (சுனாமியாக) கடல் வந்தது. அந்த நாள் மாலை இந்த மாவட்டத்தில் ஒரு கோவில் முன்றலில் இசைக்குழு பாடும் என்று முடிவெடுத்தபோது சபைக் கூட்டத்தில் ஒருவருக்கும் நாள்காட்டி கண்ணில் படவில்லையா? நத்தாரின் மறுநாளே இரத்தச்சாட்சியையும், 28 ஆம் திகதி ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகளையும் திருச்சபை வைத்திருப்பது தற்செயல் இல்லை. குடிலின் மகிழ்ச்சி அழுகிறவர்களை வெளியே நிறுத்துகிற மகிழ்ச்சி இல்லை என்பதற்குத்தான். இராகேல் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் வேண்டாம் என்கிறாள். மத்தேயு அவளைப் பேசாதே என்று சொல்லவில்லை, நற்செய்திக்குள்ளேயே இடம் கொடுத்து இருத்துகிறார். 2017 மாசியில் கிளிநொச்சியில் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரைத் தேடும் உறவுகளின் போராட்டத்தில் இருந்த தாய்மார் நம் பங்கிலும் இருக்கிறார்கள். நத்தார் நாட்களில் அவர்களுக்காக ஒரு மன்றாட்டுக்கூட வாசிக்கப்படுவதில்லை. 2018 இல் மார்கழி 21, 22 ஆம் திகதிகளில் வெள்ளம் வந்து, கிளிநொச்சி, முல்லைத்தீவுச் சனம் பள்ளிக்கூடங்களில் பாய் விரித்திருந்ததையும் நினைத்துப் பாருங்கள். மேடைக்கு ஒதுக்குகிற பணம் எங்கே இருந்திருக்க வேண்டும் என்பதற்கு வேறு கணக்கு வேண்டியதில்லை.

ஆகவே நாங்கள் கேட்பவை:

குடில் போட்டியையும் நுழைவுக் கட்டணத்தையும் கைவிடுங்கள். எல்லா அன்பியங்களும் சேர்ந்து கோவிலில் ஒரே குடில். ஒவ்வோர் அன்பியமும் ஒவ்வொரு பகுதிக்குப் பொறுப்பு. தொட்டியைக் குளக்கட்டுக்கு அப்பால் உள்ள அன்பியம் கொண்டுவரட்டும். வேலை காட்டித்தர நாங்கள் ஆறு பேர் இருக்கிறோம்.

கரோலை உண்டியல் இல்லாமல், நடந்து, நூற்றி இருபது வீட்டுக்கும். வீட்டுப் பட்டியலும் வழியும் நாங்கள் எழுதித் தருகிறோம்.

விடியல் திருப்பலியை ஆறு மணிக்குத் திரும்ப வையுங்கள். வெடி வேண்டாம், மணி போதும்.

ஒளிவிழாவை நத்தாரின் எட்டு நாள் கொண்டாட்டமான எண்கிழமை முடிந்து, திருக்காட்சிப் பெருவிழா மாலைக்கு மாற்றுங்கள். மேடையும் இசைக்குழுவும் இல்லாமல், பாய் விரித்து. பரிசில் பேர் எழுத வேண்டாம். கொடுக்க விரும்புகிற பெற்றோர் பணமாகக் கொடுக்கட்டும், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பொருள் வாங்கலாம். மிஞ்சுகிற பணமும் மேடைச் செலவும் ஏழைகளுக்கு உதவுகிற வின்சென்ட் டி போல் சபையினரிடம் போகட்டும், மழை வெள்ளக் கையிருப்பாக. கணக்கை ஒளிவிழாவுக்கு அடுத்த ஞாயிறு அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள்.

26 காலை கடல்கோளில் இறந்தவர்களுக்காகவும் 28 மாலை போரில் இறந்த பிள்ளைகளுக்காகவும் திருப்பலி. 24 இரவு விசுவாசிகள் மன்றாட்டில், காணாமல் ஆக்கப்பட்டோருக்காகவும் அவர்களைத் தேடுகிறவர்களுக்காகவும் ஒரு மன்றாட்டு. அதைத் தேடுகிற தாய்மாரில் ஒருவரே வாசிக்க வேண்டும்.

நெல்லுக்குப் பத்தாம் திகதி முளை கட்ட வேண்டும். அதனால் திருவருகைக் காலத்து இரண்டாம் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் சபையைக் கூட்டுங்கள். எங்களில் இருவரை அதில் இருக்க அனுமதியுங்கள். முடிவு எதுவானாலும் அன்றைக்கே கோவில் வாசலில் வாசித்துச் சொல்லுங்கள்.

பங்கின் மறைக்கல்வி ஆசிரியர்கள், பாடகர் குழாத்தினர், குடில் வேலை செய்வோர்